தப்புப் பக்கம் ஓடிய இசைத்தட்டு

டெட்ராய்ட்டில் பஸ் ஓட்டுகிறவர்களுக்குப் பொறுமை அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு. ஹோசியா க்ரட்சரைத் தெரியாதவர்கள் சொல்லும் பேச்சு அது. முப்பத்திரண்டு வருஷம் கிராண்ட் ரிவர் சாலையில் பஸ் ஓட்டிய மனிதர். பனியில் வண்டி வழுக்கினாலும், சில்லறை இல்லாதவன் வாசலில் நின்று வம்பு வளர்த்தாலும் முகம் சுளிக்க மாட்டார். ஆனால் யாராவது அவரிடம் வந்து, "கிட்டார்னா யாருங்க?" என்று கேட்டுவிட்டால் போதும். அவருக்கு ரத்தம் கொதிக்கும்.

கொதிப்புக்குக் காரணம் லெம்யுவல் டாட்ஸ் என்கிற ஒரே மனிதர்.

ஹோசியா அலபாமாவிலிருந்து பதினேழு வயதில் வந்தவர். இரண்டாம் உலக யுத்த காலம். தொழிற்சாலையில் வேலை, வாடகை அறையில் ஆறு பேரோடு படுக்கை, ஞாயிற்றுக்கிழமை வந்தால் போக இடமில்லை. அப்படி ஒரு ஞாயிறு பிற்பகல் ஹேஸ்டிங்ஸ் தெருவில் ஒரு மதுக்கடைக்குள் நுழைந்தபோதுதான் டாட்ஸைக் கேட்டார். பட்டறையில் இரும்பு அடிக்கிற ஆள் டாட்ஸ். கழுத்துப் பட்டை இறுக்கிய வெள்ளைச் சட்டையும், நகக்கண்ணில் போகாத கரியுமாக ஒரு மூலையில் உட்கார்ந்து வாசித்தார். மற்றவர்கள் பத்து சுரம் போடுகிற இடத்தில் அவர் இரண்டு போட்டார். அந்த இரண்டுக்கும் நடுவில் விட்ட இடைவெளியில் கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. தனக்கும் கிட்டார் வரும் என்று அதுவரை நினைத்திருந்த ஹோசியா, வீட்டுக்குப் போனதும் தன் கிட்டாரைப் பக்கத்துப் படுக்கைக்காரனுக்குக் கொடுத்துவிட்டார். வருத்தப்பட்டதே இல்லை. வாசிக்க ஒருவர் இருக்கும்போது கேட்கவும் ஒருவர் வேண்டும் அல்லவா?

பத்து வருஷம் கேட்டார். பெரிய பெரிய வாத்தியக் குழுக்காரர்கள் டாட்ஸை நியூயார்க்குக்குக் கூப்பிட்டார்கள். "மூணு பொண்ணு இருக்கு, பட்டறை வேலை நிரந்தரம்" என்று சொல்லி அவர் போகவில்லை. பிறகு நெடுஞ்சாலை போட ஹேஸ்டிங்ஸ் தெருவையே இடித்தார்கள். மதுக்கடை போனது. 1968இல் நுரையீரல் கெட்டு டாட்ஸும் போனார். பத்திரிகையில் இரண்டு வரி வந்தது. அதிலும் 'பட்டறைத் தொழிலாளி' என்றுதான் இருந்தது.

சனிக்கிழமை காலையில் அலான்சோவின் முடிதிருத்தும் கடையில் கூடுகிறவர்கள் எல்லாருக்கும் ஜாஸ் பைத்தியம். அதிலும் கிட்டார் பைத்தியம். வெஸ் மான்ட்கோமரி பெரியவரா, சார்லி கிறிஸ்டியன் பெரியவரா என்று பாதி சவரத்தில் எழுந்து நின்று சண்டை போடுவார்கள்.

"வெஸ் வெறும் கட்டைவிரல்ல வாசிச்ச மனுஷன்யா. கட்டைவிரல்! உனக்கு அதை வெச்சு சட்டைப் பொத்தான் போடத் தெரியுமா?" என்பான் ஒருவன்.

"சார்லி இருபத்தஞ்சு வயசுல செத்துட்டார். அவர் மட்டும் இருந்திருந்தா வெஸ் இன்டியானாபொலிஸ்ல வெல்டிங் வெச்சுக்கிட்டு இருந்திருப்பாரு" என்பான் இன்னொருவன்.

"நம்ம ஊர்க்காரர் கென்னி பரெல் இருக்கும்போது வெளியூர்க்காரனுக்கு ஏண்டா வக்காலத்து?" என்று அலான்சோ கத்தியை ஆட்டுவார்.

அந்த நேரம் பார்த்து ஹோசியா தொண்டையைச் செருமுவார். "டாட்ஸ்னு ஒருத்தர்..."

"ஆரம்பிச்சுட்டான்யா!" என்று கடையே சிரிக்கும். "உன் டாட்ஸோட இசைத்தட்டு எங்க? காட்டு. ஊமையன் கண்ட கனவு மாதிரி நீயே கேட்டேங்கிற, நீயே அழுவுற."

இசைத்தட்டு இருந்தது. ஒன்றே ஒன்று. 1959இல் ரோலண்ட் ஸ்பைவி என்கிற ஆர்கன்காரர் உள்ளூரில் போட்ட சின்னத் தட்டு. முதல் பக்கத்துக்கு சிகாகோவிலிருந்து வந்த ஒரு பையன் கிட்டார் வாசித்தான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அவன் பாதியில் கிளம்பிவிட்டான். ஸ்பைவி ஓடிப்போய், ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்த டாட்ஸை அப்படியே இழுத்து வந்தார். பட்டறை பூட்ஸோடு உட்கார்ந்து டாட்ஸ் வாசித்ததுதான் இரண்டாம் பக்கம். தட்டில் கிட்டார்காரர் பெயர் இரண்டு பக்கமும் கிடையாது, காட்டினாலும் யாரும் நம்ப மாட்டார்கள். விற்றது நூறோ நூற்றைம்பதோ. ஹோசியா அன்றே ஒன்று வாங்கியிருந்தார். தேய்ந்துவிடும் என்று பயந்து, வருஷத்துக்கு ஒரே தடவை, டாட்ஸ் இறந்த நாளில் மட்டும் போட்டுக் கேட்பார்.

ஊரில் ஒரு சின்ன வானொலி நிலையம் வருஷா வருஷம் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை 'கிட்டார் நாள்' கொண்டாடும். காலை பதினொன்றிலிருந்து மாலை நாலு வரை, ரசிகர்கள் தொலைபேசியில் பேசுவார்கள், பிடித்தவர்களைப் பற்றிச் சொல்வார்கள், பாட்டுப் போடச் சொல்வார்கள். நடத்துகிறவர் க்வென்டின் மேப்ரி. தேன் மாதிரி குரல், ஆனால் யார் பேசினாலும் பாதியில் புகுந்துவிடுகிற வாய்.

முதல் வருஷம் ஹோசியா ஐந்து மணி நேரம் எண்ணைச் சுழற்றினார். லைன் கிடைக்கவில்லை. இரண்டாம் வருஷம் கிடைத்தது. "வணக்கம் பிரதர், எங்கேர்ந்து பேசறீங்க? என்ன வேலை? அடடே, பஸ்ஸா! எங்க மாமாவும் பஸ்தான்" என்று மேப்ரி தன் மாமா கதையைச் சொல்லி முடிப்பதற்குள் விளம்பர நேரம் வந்து லைன் போய்விட்டது. மூன்றாம் வருஷம் கடிதம் எழுதினார், நாலு பக்கம். மேப்ரி அதில் ஒரு வரியைப் படித்தார். "சாமுவேல் டாப்ஸ் என்கிற கலைஞரை ஒரு நேயர் நினைவுகூர்கிறார்." அவ்வளவுதான்.

அன்று ஹோசியா சாப்பிடவில்லை. மனைவி வில்மா தட்டை அவர் முன்னால் நகர்த்தினார்.

"செத்த மனுஷனுக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல. நீ ஏன்யா பட்டினி கிடக்கிற?"

"பேரைக்கூட ஒழுங்காப் படிக்கலையே வில்மா. பெரிய எழுத்துல எழுதினேனே!"

"உன் எழுத்து எனக்கே புரியாது. தட்டைக் கொண்டுபோய்க் கையில குடுத்துட்டு வா. காதுன்னு ஒண்ணு இருந்தா கேட்டுப்பாங்க."

பதினைந்து வருஷமாக யாரையும் தொட விடாத தட்டு. 1983 செப்டம்பரில் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனார். உறையின் மேல் ஒரு சீட்டு ஒட்டி, 'இரண்டாம் பக்கம். கிட்டார்: லெம்யுவல் டாட்ஸ்' என்று அச்சடித்தது போல எழுதியிருந்தார். மேப்ரி உண்மையாகவே மகிழ்ந்துபோனார். "பிரதர் க்ரட்சர், சத்தியமா போடறேன். இரண்டு மணிக்குக் கேளுங்க" என்றார்.

ஹோசியா முதல் வேலையாக டாட்ஸின் மனைவி எர்லீனிடம் ஓடினார். எழுபத்தைந்து வயது, வாரம் தவறாமல் தேவாலயம் போகிறவர். "சிஸ்டர் டாட்ஸ், பதினஞ்சாம் தேதி ரெண்டு மணிக்கு ரேடியோவைப் போட்டு வைங்க" என்றார். பிறகு அலான்சோ கடையில் போய், "கனவுன்னு சொன்னவன் எல்லாம் காதைக் கழுவிட்டு உட்காருங்கடா" என்றார். இனி பாக்கி ஒன்றே ஒன்று. அந்த சனிக்கிழமை லீவு. மேலதிகாரி தரவில்லை.

அதனால் அன்று இரண்டு மணிக்கு ஹோசியா ஐம்பது பயணிகளோடு கிராண்ட் ரிவர் சாலையில் போய்க்கொண்டிருந்தார். வண்டியில் ரேடியோ வைக்கக் கூடாது என்பது விதி. கையடக்க ரேடியோ அவர் காலடியில் சாப்பாட்டுப் பைக்குள் இருந்தது.

மேப்ரியின் குரல் வந்தது. "நேயர்களே, இந்த ஊர் மறந்துபோன ஒரு மேதை. பட்டறைத் தொழிலாளி. பெயர், லெம்யுவல் டாட்ஸ்."

பெயர் சரியாக இருந்தது! ஹோசியாவுக்குக் கண்ணாடியில் சாலை மங்கியது. ஊசி தட்டில் இறங்கும் கரகரப்பு. ஆர்கன். பிறகு கிட்டார், மழை கொட்டுகிற மாதிரி, தடதடவென்று, மூச்சு விடாமல்.

சிகாகோ பையன். முதல் பக்கம்.

"இல்ல," என்றார் ஹோசியா. "இல்ல, இல்ல, இல்ல. திருப்புடா. திருப்பு!"

"நான் இறங்க வேண்டியது அடுத்த நிறுத்தம், தம்பி. எங்க திருப்பச் சொல்றே?" என்றார் முன் இருக்கையில் காய்கறிப் பையோடு இருந்த ஒரு அம்மாள்.

பின்னாலிருந்து தொப்பிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "யாருங்க இது? கை பறக்குதே! பேர் என்ன சொன்னாங்க, டாட்ஸா? பிரமாதம்!"

"அது டாட்ஸ் இல்லைய்யா!"

"இப்பத்தானே சொன்னாங்க?"

"சொன்னவன் மடையன்!"

பாட்டு முடிந்தது. உடனே நேயர்கள் பேசத் தொடங்கினார்கள். என்ன வேகம் என்றார் ஒருவர். இத்தனை சுரத்தை ஒரே மூச்சில் கொட்டுகிறவரை நான் கேட்டதே இல்லை என்றார் இன்னொருவர். வேகமே தெரியாத மனிதருக்கு, வேகத்துக்காகப் பாராட்டு மேல் பாராட்டு. முப்பத்திரண்டு வருஷத்தில் செய்யாத காரியத்தை ஹோசியா அப்போது செய்தார். நிறுத்தமில்லாத இடத்தில் வண்டியை ஓரம் கட்டி, கதவைத் திறந்து, எதிரிலிருந்த தொலைபேசிக் கூண்டுக்கு ஓடினார்.

லைன் கிடைக்கவில்லை. மறுபடி சுழற்றினார். கிடைக்கவில்லை. அவரால்தான் பேச முடியவில்லையே தவிர, ஊரே டாட்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. பஸ்ஸிலிருந்து ஐம்பது பேர் கத்தினார்கள். காய்கறிப் பை அம்மாள் இறங்கியே வந்துவிட்டார்.

"வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா தம்பி?"

"இல்லம்மா. தட்டைத் தப்பான பக்கம் போட்டுட்டாங்க."

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வண்டியை எடுடா, கிறுக்கா" என்றார்.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. சீருடையோடு நிலையத்துக்குப் பறந்தார். வரவேற்பில் இருந்த பெண், தட்டுக்கு அழுக்கு உறை வேண்டாமே என்று புது உறை மாற்றியதாகப் பெருமையாகச் சொன்னாள். பழைய உறையும் சீட்டும் குப்பைக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. மேப்ரி வெளியே வந்தபோது மணி மூன்று ஐம்பத்தைந்து.

"பிரதர்! கேட்டீங்களா? இந்த வருஷம் யாருக்கும் இத்தனை அழைப்பு வரலை!"

"அது அவர் இல்லைங்க."

மேப்ரியின் முகம் விழுந்ததைப் பார்க்க ஹோசியாவுக்கே சங்கடமாக இருந்தது. நல்ல மனிதர்தான். உடனே உள்ளே இழுத்துப் போய் ஒலிவாங்கி முன் உட்கார வைத்தார். "நேயர்களே, ஒரு சின்னத் திருத்தம்" என்று தொடங்கி, மன்னிப்புக் கேட்டு, தட்டைத் திருப்பிப் போட்டார். ஆர்கன் முன்னுரை முடிந்தது. டாட்ஸ் இரண்டு சுரம் போட்டார். இடைவெளி விட்டார். அந்த இடைவெளியிலேயே மணி நாலு ஆகிவிட்டது. அடுத்த நிகழ்ச்சியான தேவாலயப் பாடகர் குழு, 'அல்லேலூயா' என்று பாய்ந்து வந்தது.

அங்கிருந்து அலான்சோ கடைக்குப் போனபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள். "உன் ஆளு நல்லாத்தான் வாசிச்சாரு ஹோசியா, முதல்ல போட்டதுல" என்றார் அலான்சோ. ஹோசியா தொப்பியை எடுத்துக்கொண்டு எர்லீன் வீட்டுக்குக் கிளம்பினார். வாசலில் ஏறும்போதுதான் அந்த யோசனை வந்தது. பாராட்டுகளைக் கேட்டு அந்த அம்மாள் ஆனந்தப்பட்டிருந்தால் என்ன சொல்வது?

எர்லீன் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். "உக்காருப்பா. முதல்ல போட்டாங்களே, அந்தப் பையன் யாரு? இவ்வளவு பேசுறான்?"

"உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தினவ எனக்குத் தெரியாதா? லெம்யுவல் சாப்பாட்டு மேசையிலகூட ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டார். உப்புக் கேக்கணும்னாலும் யோசிச்சுத்தான் கேப்பார்." கையைத் துடைத்துக்கொண்டார். "கடைசியில வந்ததே, அது அவர்தான். அதுக்குள்ள பாடகர் குழு வந்துட்டுது. அதுல என் தங்கச்சியும் பாடுறா, என்ன செய்ய?"

வண்டியை நடுவழியில் நிறுத்தியதற்காக ஹோசியாவுக்கு மூன்று நாள் வேலை கிடையாது என்று உத்தரவு வந்தது. அந்த மூன்றில் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, மேப்ரி, அன்று நிலையத்தில் ஹோசியாவிடம் கொடுத்த வாக்குப்படி, தன் பிற்பகல் நிகழ்ச்சியில் இரண்டாம் பக்கத்தை முழுசாகப் போட்டார். கீறல் இல்லை, இடையூறு இல்லை. ஹோசியாவும் வில்மாவும் எர்லீனும் சமையலறையில் உட்கார்ந்து கேட்டார்கள். மூன்று நிமிஷம் நாற்பது விநாடி. முடிந்ததும் எர்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வில்மாவே, "அட" என்றார்.

"நேயர்களே, உங்கள் கருத்து?" என்றார் மேப்ரி. அமைதி. வானிலை சொன்னார். மறுபடி கேட்டார். அமைதி. செவ்வாய்க்கிழமை பிற்பகலில் வேலைக்குப் போகாமல் யார் ரேடியோ கேட்பார்கள்? கடைசியில் ஒரு அழைப்பு வந்தது. ஹோசியா நாற்காலி நுனிக்கு வந்தார்.

"அந்த ஆர்கன் வாசிச்சவர் யாருங்க?" என்று கேட்டார் நேயர்.

ஹோசியா ரேடியோவை அணைத்தார். உடைக்கப் போகிறார் என்று நினைத்து வில்மா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

டிசம்பரில் நிலையம், பிடித்த கிட்டார்காரர் யார் என்று கேட்டதற்கு நேயர்கள் அஞ்சலட்டையில் போட்ட ஓட்டை எண்ணிப் பட்டியலை வெளியிட்டது. வெஸ் முதலிடம். அலான்சோ கடைக் கூட்டத்தின் உழைப்பால் கென்னி பரெல் இரண்டு. நாற்பத்தேழாவதாக, எழுத்துப் பிழை இல்லாமல், லெம்யுவல் டாட்ஸ். ஓட்டு நாலு.

"என்னோடது, உன்னோடது, சிஸ்டரோடது" என்று ஹோசியா விரலை மடக்கினார். "நாலாவது யாரு?"

வில்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "நான் வெஸ்ஸுக்குல்ல போட்டேன்."

"என்னது!"

"எனக்கு அவர்தான்யா பிடிக்கும். கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து பிடிக்கும். நீ எப்ப கேட்ட?"

கோபம் வந்தது. நியாயமாக வரவேண்டிய அளவு வந்தது. ஆனால் அதற்குள் வேறொரு கணக்கு மண்டைக்குள் ஓடத் தொடங்கிவிட்டது. வில்மா இல்லையென்றால், தெரியாதவர்கள் இரண்டு பேர். இந்த ஊரில் எங்கோ இரண்டு பேர். ஹேஸ்டிங்ஸ் தெருவில் கேட்டவர்களா? செவ்வாய்க்கிழமை கேட்டுவிட்டுப் போன் செய்யாதவர்களா? இல்லை, சிகாகோ பையனை டாட்ஸ் என்று நம்பிக்கொண்டிருக்கும் மடையர்களா?

கோட்டை மாட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனார். மேப்ரி அன்பாகத்தான் வரவேற்றார். "அஞ்சலட்டையா பிரதர்? எண்ணி முடிச்சதும் குப்பையில போட்டுட்டோமே. இடம் ஏது?"

தட்டைக் கேட்டு வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டு ஹோசியா வெளியே வந்தார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் போகவேண்டிய பஸ் அவர் கண்ணெதிரே, கையைக் காட்டியும் நிற்காமல் போனது.