அம்மன் சிங்கமும் ஒல்லாந்துச் சிங்கமும்

பழம்பொருளை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது என்பது விதி. இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் காலம் தள்ளி ஓய்வுபெற்ற எனக்கு விதிகள் மனப்பாடம். முறைப்படி விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன்.

ஐரோப்பியக் குடும்பச் சின்னங்கள் தீட்டிய பழைய சீனப் பீங்கான்களைச் சேகரிப்பவன் நான். திம்புள்ளப் பகுதித் தோட்டப் பங்களா ஒன்றின் ஏலத்தில் எடுத்த தட்டில் சிங்கச் சின்னம் இருந்தது. அந்தச் சின்னத்துக்குரிய குடும்பத்து முதியவர் ஒருவர் ஒல்லாந்தில் படுக்கையில் கிடந்தார். கண்மூடுமுன் அதைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்று என் கடிதத்துக்குப் பதில் எழுதியிருந்தார்.

ஆடி வெள்ளியன்று ஹட்டன் போய்த் திரும்பினேன். சாமி படத்தின்முன் அந்தத் தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. நான் பார்க்கும்போதே சூட்டில் இரண்டாக வெடித்தது.

“என்ன கமலா இது?” என்று மனைவியிடம் கத்தினேன்.

“அம்மனோட சிங்கத்த அலுமாரியில பூட்டி வச்சிருக்கீங்களேன்னு எடுத்தேங்க.”

“அது ஒல்லாந்துக்காரன் சிங்கம்!”

“ஒரு வார்த்த சொன்னீங்களா? தொடாதேன்னுதான சொன்னீங்க!”

நடந்ததை ஒல்லாந்துக்கு எழுதினேன். “துண்டுகளானாலும் அனுப்புங்கள்” என்று பதில் எழுதினார் முதியவர். விண்ணப்பத்திலோ முழுத் தட்டின் படம். புதிய படங்களுடன் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பித்தேன்.

மார்கழியில் அவர் இறந்துவிட்டதாக மகள் எழுதினாள்.

இப்போது எதை வாங்கினாலும், அது யாருடையது என்பதைக் கமலாவிடம் சொன்ன பிறகே அலுமாரியைப் பூட்டுகிறேன்.

அனுமதிக் கடிதம் தைப்பொங்கலுக்கு மறுநாள் வந்தது.