சுதாராணி ஏற்றிய வேகம்

சுதாராணிக்குக் கார் பந்தய விளையாட்டு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். வயது முப்பத்தைந்து. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கம்ப்யூட்டரில் பில் அடிக்கிற வேலை. பகலெல்லாம் லாரி நம்பர் அடித்த விரல்கள், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மலைப்பாதையில் சிவப்புக் கார் ஓட்டும். கணவர் இசக்கிராஜா டவுன் பஸ் டிரைவர். நிஜ ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டு வருகிறவர், மனைவி பிரேக் போடாமல் வளைவில் திருப்புவதைப் பார்த்து, "ஒன்கிட்ட எங்க டிப்போ வண்டியக் கொடுத்தா ஏறுனவிய பாடு அவ்வளவுதான்" என்பார்.

2008 தொடக்கத்தில் அந்த விளையாட்டில் புதுசு ஒன்று வந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரால் அதை இழுக்க முடியவில்லை. வளைவில் படம் நின்றுவிடும். திரும்ப ஓடும்போது கார் பள்ளத்தில் கிடக்கும். புதுக் கம்ப்யூட்டர் வாங்க வழியில்லை. அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில், கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலேயும் பிராசசரை ஓட்டலாம், அதற்கு ஓவர்கிளாக் என்று பெயர் என்பதைப் படித்தாள். பாதிதான் படித்தாள். அதற்குள் கை பரபரத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டரின் அடிப்படைக் கணக்கெல்லாம் இருக்கிற பயாசுக்குள் போய், இருநூறு மெகாஹெர்ட்ஸ் என்றிருந்த 'பஸ்' வேகத்தை, அதாவது பிராசசர் வேகத்துக்கு அடிக்கணக்கை, ஒரே தாவலாக முந்நூறு ஆக்கினாள். சும்மா இருக்காமல் வோல்டேஜையும் தூக்கி வைத்தாள். திரை கறுத்துப்போனது.

"என்னட்டி, பொகையுதா?" இசக்கிராஜா அடுப்படியிலிருந்து கேட்டார்.

"பொகையலங்க. முழிக்க மாட்டேங்குது."

பத்திரிகையை எடுத்து மிச்சப் பாதியைப் படித்தாள். கரண்டைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கிற வட்ட பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் வைத்தால் எல்லாம் பழைய கணக்குக்குத் திரும்பிவிடும் என்று இருந்தது. தேக்கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்தாள். மாட்டியதும் கம்ப்யூட்டர் ஒன்றுமே நடக்காததுபோல் கண் விழித்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகு வரிசையாகச் செய்தாள். எடுத்த எடுப்பில் வேகத்தைத் தொடவில்லை. முதலில் சூட்டைப் பார்த்தாள். கேபினெட்டைத் திறந்தால் பிராசசர் மேலிருந்த அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கரிசல் புழுதியும் பஞ்சுத் தூசியும் கம்பளி மாதிரி அப்பிக்கிடந்தன. பெயிண்ட் பிரஷால் தட்டி, சைக்கிள் பம்பால் ஊதினாள். பிராசசர் சூட்டைத் தகட்டுக்குக் கடத்துகிற பேஸ்ட் காய்ந்துபோயிருந்தது; அதைத் துடைத்துவிட்டு, ஒரு உளுந்து அளவுக்குப் புதுசு வைத்தாள். இசக்கிராஜாவின் சிநேகிதர் மதுரைக்குப் போனபோது பெரிய ஃபேனும் நல்ல பவர் சப்ளையும் வாங்கிவரச் சொன்னாள். பிராசசரின் ஆயுளைத் தின்பது சூடும் வோல்டேஜும்தான் என்று புரிந்துவிட்டதால் வோல்டேஜ் பக்கமே போகவில்லை.

பஸ்ஸோடு சேர்ந்து மெமரியும் எகிறிவிடாமல் அதன் வேகத்தை ஒரு படி இறக்கிவிட்டு, பஸ் வேகத்தைப் பத்துப் பத்தாக ஏற்றினாள். ஒவ்வொரு படியிலும் சோதனை புரோகிராமை மணிக்கணக்கில் ஓடவிட்டு வெப்பநிலையைப் பார்த்தாள். இருநூற்று எண்பதில் சோதனை பிழை காட்டி நின்றது. அங்கே மல்லுக்கட்டாமல் இருநூற்று அறுபதுக்கு இறங்கி நின்றுகொண்டாள்.

"சித்திர வெயில்லயா இதெல்லாம்? மழ வரட்டுமே."

"இந்த வெயில்ல நின்னா எந்த வெயில்லயும் நிக்கும்ங்க."

உச்சிப் பொழுதில் ஓடவிட்டும் அறுபத்து நாலு டிகிரியைத் தாண்டவில்லை. எழுபதைத் தொட்டால் இறக்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். அதற்கு வேலையே வரவில்லை. சிவப்புக் கார் வளைவில் வழுக்கிக்கொண்டு போனது.

மே மாதம் ஊரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் கல்யாண மண்டபத்தில் பந்தயப் போட்டி வைத்தார். அவரவர் கம்ப்யூட்டரைக் கொண்டுவரலாம். சுதாராணி மடியில் கேபினெட்டை வைத்துக்கொண்டு, இசக்கிராஜாவோடு ஆட்டோவில் போய் இறங்கினாள். வந்திருந்த பதினாறு பேரில் அவள் ஒருத்திதான் பெண். "அண்ணனுக்குத் தொணைக்கு வந்தீங்களாக்கா?" என்று ஒருவன் கேட்டான். மூன்றாவது பந்தயத்துக்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

கயத்தாற்றில் செல்போன் கடை வைத்திருந்த மாரிராஜும் நன்றாக ஓட்டினான். நீல விளக்கெல்லாம் போட்ட பெட்டி. ஆனால் அரையிறுதியில் இரண்டு தடவை உறைந்து நின்றது. நடத்துகிறவர்கள் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். இறுதிக்குப் போய்விட்ட சுதாராணி, அவன் விழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் போனாள்.

"வோல்டேஜ எம்புட்டு வச்சிருக்கீங்க தம்பி?"

"கடைசி வரைக்கும் ஏத்திட்டேங்க்கா."

"வெந்துரும்லா. தள்ளுங்க, பாப்போம்."

வோல்டேஜையும் வேகத்தையும் இறக்கினாள். பக்கத் தகட்டைக் கழற்றினாள். மண்டபத்து நிற்கும் ஃபேனை இழுத்து வந்து பெட்டிக்கு நேரே திருப்பினாள். மாரிராஜ் அரையிறுதியில் ஜெயித்தான். இறுதிப் பந்தயத்தில் கடைசி வளைவு வரை ஒட்டி ஒட்டி வந்து, அரைக் கார் நீளத்தில் சுதாராணியையும் ஜெயித்தான்.

"நீயே சரி பண்ணிக் கொடுத்து நீயே தோத்துட்டு நிக்க. கிறுக்கா ஒனக்கு?" என்றார் இசக்கிராஜா.

"படுத்துக் கெடக்குத வண்டிய முந்துததுல என்னங்க இருக்கு? இன்னைக்கு ஓட்டுன மாதிரி நான் என்னைக்கும் ஓட்டுனதில்ல." அவள் முகம் பளபளவென்று இருந்தது.

மாரிராஜ் போகிற இடமெல்லாம் சொல்லிவிட்டான். ஞாயிறுதோறும் இடைசெவல், கயத்தாறு என்று ஸ்கூட்டியில் பிரஷும் பேஸ்டுமாகப் போக ஆரம்பித்தாள். வேகம் ஏற்றித் தரச் சொன்னால், முதலில் தூசியைத்தான் தட்டுவாள். பாதிப் பேருக்கு அதுவே போதுமாயிருந்தது. அவளுடைய பிராசசர் அதே இருநூற்று அறுபதில் இன்னும் ஏழு வருஷம் ஓடியது.

2009 மே மாதம் அதே மண்டபத்தில் மாரிராஜை இரண்டு கார் நீளத்தில் முந்தினாள். போட்டி நடத்தியவர் அவள் பேரை வாசித்தபோது இசக்கிராஜா நாற்காலி மேல் ஏறி நின்று, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். மாரிராஜும் கூடச் சேர்ந்து அடித்தான்.