குழந்தைக்காகப் போட்ட சிமெண்ட்

நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருவதற்குள் அப்பா கொல்லையை மொத்தமாக வழித்துச் சிமெண்ட் போட்டிருந்தார்.

கோச்சடையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்தது ஒன்றரை சென்ட்தான். முருங்கையும் கொய்யாவும் உயர்ந்து நிற்கும். அவற்றின் அரைநிழலில் கறிவேப்பிலை, பப்பாளி, சுண்டை. பாத்திரம் கழுவிய தண்ணீர் போகிற வழியில் வாழை, அதன் அடியில் மஞ்சளும் சேம்பும். வேலிக்கம்பியில் பிரண்டை. மணத்தக்காளியை யாரும் விதைத்ததில்லை. குருவி தின்று போட்டதில் அதுவாக முளைத்துக்கொள்ளும்.

"புதரா கெடந்துச்சும்மா. பச்சப்பிள்ள வர்ற வீடு, பாம்பு கீம்பு வந்தா என்ன செய்யிறது?" என்றார் அப்பா.

நான் வளர்ந்த வீடு அது. ஓணானைத் தவிர அங்கே எதையும் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குக் கடைக்கீரை வாங்குவதில்லை. பால் ஊற முருங்கைக்கீரை, பப்பாளிக்காய்க் கூட்டு, வயிற்றுக்கு மணத்தக்காளி, குளிக்கப் பச்சை மஞ்சள் என்று பத்தியம் முடியும்வரை எல்லாமே கொல்லையில் பறித்ததுதான். அக்காவின் பிரசவத்தின்போது வந்தவர் போனவரிடமெல்லாம் இதைப் பெருமையடித்தவரே அப்பாதான்.

பிள்ளை பிறந்தது. எனக்குப் பால் போதவில்லை. பசியில் அது வீறிட்டு அழும்போதெல்லாம் எனக்கு அப்பா மேல்தான் ஆத்திரம் வந்தது. சந்தையிலிருந்து வந்த கீரையை அம்மா முகர்ந்து பார்த்து, மருந்து வாடை அடிக்கிறது என்று குப்பையில் போட்டாள். அப்பாவோ நர்சரியிலிருந்து இரண்டு தொட்டி குரோட்டன்ஸ் வாங்கி வந்து பின்வாசலில் வைத்தார்.

"இத அவிச்சுத் தின்னா பால் ஊறுமாப்பா?" என்று கேட்டேன்.

"ஏம்மா இப்படிப் பேசுற? ஒனக்காகத்தான செஞ்சேன்."

அந்தப் பேச்சுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எனக்காக என்றால் போனில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கொல்லையில் தினமும் நின்ற அம்மாவிடமாவது கேட்டிருக்கலாம். அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஆளைக் கூட்டி வந்திருக்கிறார்.

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தவர், ரசத்தைக் கிளறிப் பார்த்துவிட்டு, "கருவேப்பில போடலையா?" என்றார்.

"போயி ஒடிச்சுட்டு வாங்க" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

அவரும் எழுந்து போனார். அத்தனை வருடப் பழக்கம். பின்கதவைத் திறந்து வெறுங்காலோடு சிமெண்டில் இறங்கியவர், சூடு தாங்காமல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். அம்மாவும் நானும் அவரை உள்ளே வரச் சொல்லிக் கூப்பிடவில்லை.