அத்தையின் போர்வைச் சட்டம்

அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு வராந்தாவில் அந்தப் போர்வையை விரித்தால் கால் வைக்க இடம் இருக்காது. கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கு, வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு பழைய சேலை கொடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கையால் தைத்துத் தருவது எங்கள் வழக்கம். அம்மா, சித்தி, அத்தை, நான் என்று நான்கு பக்கமும் உட்கார்ந்து விளிம்பை மடியில் இழுத்துப் போட்டுக்கொள்வோம். ஒரு வரிசை முடியும்வரை யாரும் எழக்கூடாது, எழுந்தால் சேலைகள் நகர்ந்து சுருங்கிவிடும். இது அப்பாவின் அக்காவான அத்தை போட்ட சட்டம். வாய்க்கு மட்டும் சட்டம் கிடையாது. தெருவில் உள்ள அத்தனை பேர் கதையும் அங்கேதான் அலசப்படும். அப்படிச் சிரித்த சிரிப்பு அப்புறம் எனக்கு எங்குமே வாய்க்கவில்லை. அந்த மாலைகளுக்காக இன்றும் ஏங்குகிறேன். ஏங்குகிறேனே என்று என்மேலேயே எரிச்சலும் வருகிறது.

என் போர்வையைத் தைத்துக்கொண்டிருந்தபோதுதான் பெருங்குடியில் ஒரு கால் சென்டரில் எனக்கு வேலை கிடைத்தது. சேருகிறேனா என்று சனிக்கிழமை மாலை போனில் கேட்பதாகச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு இதில் இஷ்டமில்லை. அப்பா மட்டும், "போன் வரட்டும், பாக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, ஹால் கதவை ஒட்டி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன்.

ஹாலில் போன் மணி அடித்தது. துள்ளி எழுந்தேன். போர்வையும் என்னோடு எழுந்தது. பேச்சு சுவாரசியத்தில் அத்தை என் துப்பட்டாவையும் சேர்த்துத் தைத்திருந்தாள்.

"ஐயோ அண்ணி, பொண்ணையே சேத்து தெச்சுட்டீங்களே!" என்று சித்தி கத்த, அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் சிரித்துக்கொண்டே தோளில் குத்தியிருந்த பின்னைத் தேடினேன். அதற்குள் அத்தை தன் சட்டத்தைத் தானே மீறி எழுந்துபோய் போனை எடுத்துவிட்டாள்.

"யாரும்மா? ஓ, வேலைக்கா? அவ வர மாட்டாம்மா, கல்யாணம் வெச்சிருக்கோம். அந்த வேலைய வேற பொண்ணு யாருக்காவது குடுங்க, புண்ணியமாப் போகும். நீங்களும் கல்யாணத்துக்கு வந்துடணும், சரியா?"

வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தாள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். என் பக்கத்தில் உட்கார்ந்து, ஊசி முனையால் ஒவ்வொரு தையலாக நிதானமாகப் பிரிக்க ஆரம்பித்தாள். துப்பட்டாவை வெடுக்கென்று இழுத்தேன்.

"இழுக்காதடி, கிழிஞ்சிடும்" என்றாள் அத்தை. "இப்ப எங்க போகப் போற?"