சால்மன் முட்டையும் ஆற்றுக் குருவியும்

ஒஸ்லோவின் நடுவே ஓடும் ஆற்றைத் துப்புரவாக்கும் குழுவில், இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் சேர்ந்தேன். முதல் இலையுதிர்காலத்திலேயே ஒரு சண்டைக்கு நடுவே மாட்டிக்கொண்டேன்.

சண்டை ஒரு குருவியைப் பற்றியது. கறுத்த உடல், வெள்ளை நெஞ்சு. நோர்வேக்காரர் அதை 'ஃபொஸ்ஸெகால்' என்பார்கள். ஓடும் தண்ணீருக்குள் மூழ்கி, அடியில் கற்களின் மேல் நடந்தே பூச்சி தேடும். சால்மன் மீன் சரளைக்குள் முட்டையிடும் நாட்களில் முட்டையையும் தின்னும்.

ஆர்னெ என்ற ஓய்வுபெற்ற மெக்கானிக்குக்குக் குருவியைக் கண்டாலே ஆகாது. இந்த ஆற்றுக்குச் சால்மன் திரும்பவேண்டும் என்று பல வருடம் சம்பளமில்லாமல் உழைத்தவர். "ஒவ்வொரு முட்டையும் எங்கட உழைப்பு. இது கள்ளன்!" என்று நோர்வே மொழியில் பொரிந்து தள்ளுவார்.

எங்கள் உயிரியலாளர் தரணி, ஒஸ்லோவின் புறநகரான மோர்டென்ஸ்ருட்டில் வளர்ந்த தமிழ்ப் பெண், என்னிடம் தமிழில் சொல்வாள்: "அண்ணை, அது புதைஞ்ச முட்டையைத் தோண்டாது. தண்ணியில இழுபட்டு வாறதைத்தான் பொறுக்கும். அது எப்பிடியும் பிழைக்காது."

நான் இருவருக்கும் தலையாட்டினேன்.

உறைபனி விழுந்த ஒரு காலை, வளைவில் நாலைந்து குருவிகள் ஒன்றாக நின்றன. ஆர்னெ தடியோடு கத்திக்கொண்டு ஓடினார். பறந்தவை திரும்பத் திரும்ப அதே இடத்துக்கே வந்தன. கிட்டப்போய்ப் பார்த்தேன். கரையோரச் சரளை வெளியே தெரிந்தது. கணுக்கால்கூட நனையாத தண்ணீரில் செம்மஞ்சள் முட்டைகள் கிடந்தன.

"தரணி, தண்ணி வத்திப்போச்சு!"

அவள் உடனே தொலைபேசி எடுத்தாள். மேலே மதகைத் திருத்த மூடியிருந்தார்களாம். திறந்துவிட்டாலும் தண்ணீர் வந்துசேரப் பின்னேரமாகும்.

"அதுவரைக்கும் சரளை உறையக்கூடாது. உறைஞ்சா உள்ளுக்கை இருக்கிற முட்டையும் செத்திடும்."

மூவரும் சாக்குகளை நனைத்து விரித்தோம். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். கை விறைத்தது. ஆர்னெக்கு முழங்கால் வருத்தம், ஆனாலும் உட்காரவில்லை. அவர் காலடியிலேயே ஒரு குருவி முட்டை பொறுக்கியது. வாளியோடு நின்றவர் அதை மிதிக்காமல் விலகிச் சுற்றிப் போனார்.

"தின்னட்டும். இதுகள் இஞ்சை கூடாட்டி நாங்கள் பாத்தே இருக்கமாட்டம்," என்றார்.

இருட்டுமுன் தண்ணீர் வந்தது. ஆர்னெ கரையில் குந்தி அழுதார்.

வசந்தத்தில் அந்த வளைவில் ஊசிபோல் மீன்குஞ்சுகள் ஓடின. அங்கே கூடு கட்டிய குருவிச் சோடி அந்தக் குஞ்சுகளில் ஒன்றிரண்டைப் பிடித்தபோது ஆர்னெ முகத்தைத் திருப்பிக்கொண்டார்; தடி எடுக்கவில்லை.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குருவிகள் ஓரிடத்தில் கூடினால் விரட்ட ஓடாதீர்கள். முதலில் தண்ணீரைப் பாருங்கள்.