திரையின் இடது ஓரத்தில் அடுப்பு

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ரேஷன் படிவம், வங்கிப் படிவம், வீட்டு உரிமையாளருக்கான கடிதம் எல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். அதில் எனக்குக் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தோடுதான் ஒரு சனிக்கிழமை காலையில் வீட்டுக் கணினியின் முகப்பை மாற்ற உட்கார்ந்தேன்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது, தலைநகரின் கணினிச் சந்தையான நேரு பிளேசில் அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கிய கணினி அது. கடைக்காரர் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். பத்து வருடங்களாக அதே சாம்பல் நிறப் பட்டை, அதே மங்கிய நீலப் பின்னணி. என் சம்பளத்தில் கூடுதல் நினைவகம் (ராம்) வாங்கிப் போட்டதும், புதிய டெஸ்க்டாப் சூழலுக்கு மாறிவிடலாம் என்று தோன்றியது. கணினியும் கோப்புகளும் அவையேதான். சாளரம், பட்டியல், பொத்தான் என்று கண்ணுக்குத் தெரிவது மட்டும் புதிதாகும். பழையதை நீக்கிவிடவா என்று கேட்டது. ஆம் என்றேன்.

வேலை முடிந்தபோது திரை துடைத்துவிட்டதுபோல இருந்தது. முன்பு அதில் எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரியான ஒலிக்கோப்புகள் இறைந்து கிடக்கும். யாராவது வீட்டுக்கு வந்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். அவை அப்பாவுடையவை.

அப்பா சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் இல்லத்தில் சமையல்காரராக இருந்தவர். இப்போது ஓய்வு பெற்று, ஜனக்புரியில் தமிழ்க் குடும்பங்களின் விசேஷங்களுக்குச் சமைக்கிறார். எழுதத் தெரியாது. அதனால் அளவுகளைப் பேசிப் பதிவு செய்வார். சிவப்பு வட்டத்தை அழுத்தினால் தொடங்கும், சதுரத்தை அழுத்தினால் நிற்கும் என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். ஒவ்வொரு பதிவுக்கும் கணினியே தேதியைப் பெயராக வைத்துக்கொள்ளும்.

மதியம் காய்கறி வாங்கி வந்த அப்பா, பையை வைத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தார்.

"பாப்பா, அடுப்ப எங்க வச்ச?"

"எந்த அடுப்புப்பா?"

"இங்க இருந்துச்சே." திரையின் இடது ஓரத்தைத் தொட்டுக் காட்டினார்.

"எல்லாம் இருக்குப்பா. ஒண்ணுகூடப் போகல." கோப்புறையைத் திறந்து காட்டினேன். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பதிவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. "தேதி போட்டு வரிசையா அடுக்கியிருக்கு பாரு."

"தேதி உனக்கு. எனக்கு எடந்தான்."

சமையலறையிலிருந்து அம்மா சொன்னாள்: "படிச்ச கையில்ல? எதையும் வரிசையா அடுக்காம வுடாது."

அப்பா சிரிக்கவில்லை. மறுநாள் ஒரு நர்ஸ் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம். இருநூறு பேருக்கு மட்டன் குழம்பு செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். இருபது பேருக்கென்றால் அவர் கை தானாக அளந்து போடும். இருநூறு பேருக்கு ஓய்வு பெற்றபின் அவர் சமைத்ததே இல்லை. குழம்பு நன்றாக வந்தால் அந்தச் சபைக்காரர்கள் எல்லோரும் கூப்பிடுவார்கள். கெட்டுப்போனால் அந்தப் பக்கமே போக முடியாது. மாலைக்குள் கறிக்கடைக்கும் மசாலாக் கடைக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

"ஒண்ணொண்ணா கேப்போம்ப்பா" என்றேன்.

முதலாவது புளியோதரை. அடுத்தது கேசரி. அதற்கடுத்ததில் அப்பாவைவிட மற்றவைதான் அதிகம் கேட்டன. விருந்தினர் இல்லத்தின் பின்னால் எங்களுக்குக் கொடுத்திருந்த ஒற்றை அறை அப்படியே வந்து நின்றது. "ஆலூ லே லோ" என்று உருளைக்கிழங்கு வண்டிக்காரர் போகிறார். "ஏங்க, தண்ணி வந்துடுச்சு" என்கிறாள் அம்மா. மின்விசிறி கடகடவென்று ஆடுகிறது. புசா ரோட்டுப் பள்ளியிலிருந்து பஸ் பிடித்து வந்து, பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் நான் பாடம் ஒப்பிக்கிறேன். என் குரல் இவ்வளவு கீச்சென்று இருந்தது எனக்கு மறந்தே போயிருந்தது.

அப்பாவின் குரல் மட்டும் எதிலும் சரியாகக் கேட்கவில்லை. ஒலியை முழுக்கக் கூட்டினேன்.

"எல்லாத்துலயும் ஏம்ப்பா ரகசியம் பேசற மாதிரி பேசுற?"

"நீ படிச்சிட்டிருந்த."

"அந்த ரூம்ல நான் கரண்டியக்கூட கீழ வெக்க மாட்டேன்" என்றாள் அம்மா. "டொக்குனு சத்தம் வந்தா மொறைப்பாரு."

பதினைந்தோ பதினாறோ கேட்டிருப்போம். மட்டன் வரவில்லை. அப்பா அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பழைய முகப்பை நீக்கினாலும் அதன் அமைப்புகள் நம் கணக்கிலேயே தங்கியிருக்கும். மறைந்திருந்த கோப்புறைகளில் தேடினேன். ஒரு சின்ன உரைக்கோப்பில், ஒவ்வொரு பதிவின் பெயருக்கும் கீழே அது எத்தனையாவது வரிசையில், எத்தனையாவது கட்டத்தில் இருந்தது என்பது எண்களாக இருந்தது. அப்பா பத்து வருடம் இழுத்து இழுத்து வைத்த இடங்கள் அவ்வளவும்.

பழைய முகப்பை மறுபடி நிறுவி, அதில் நுழைந்தேன். சாம்பல் பட்டை வந்தது. நீலம் வந்தது. பிறகு பதிவுகள் எல்லாம் ஒரே நொடியில் தத்தம் இடங்களில் வந்து உட்கார்ந்தன.

"ஹாங்" என்றார் அப்பா.

இந்தமுறை நான் உற்றுப் பார்த்தேன். பத்து வயதில் ஒரே ஒருமுறை விருந்தினர் இல்லத்தில் அவருடைய சமையலறைக்குள் போயிருக்கிறேன். இடது சுவர் ஓரமாக நான்கு அடுப்புகள். மேலே ஊறுகாய் அலமாரி. வலப்பக்கம், கதவருகே, காய் நறுக்கும் மேடை. திரையிலும் பதிவுகள் அப்படித்தான் இருந்தன. குழம்புகள் இடது ஓரத்தில், ஊறுகாய் மேலே, பொரியல் வலப்பக்கம். இத்தனை வருடம் நான் குப்பை என்று நினைத்தது அதைத்தான்.

"நடுவுல ஏம்ப்பா காலியா விட்டிருக்க?"

"நடக்க வேணாமா?"

இடது ஓரத்தில் கடைசியாக இருந்ததை அழுத்தினார். "பெரிய அடுப்பு" என்றார். அதேதான். "எரநூறு பேருக்கு... கறி முப்பது கிலோ... வெங்காயம் பன்னெண்டு..." தாழ்ந்த குரலில் அளவுகள் ஒவ்வொன்றாக வந்தன. நான் தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். நடுவில் திடீரென்று என் குரல்: "அப்பா, ப்ளீஸ்! நாளைக்கு எனக்கு பரீட்சை!"

பதிவில் சிறிது நேரம் மின்விசிறி மட்டும் ஓடியது. பிறகு, முன்னைவிடவும் மெதுவாக, "உப்பு மொதல்ல நாலு கை."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் எழுதுவதை நிறுத்தவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குழம்பு நன்றாக வந்தது. பாத்திரம் வழித்தெடுக்கும் அளவுக்குப் போயிற்று. அடுத்த மாதம் இன்னொரு வீட்டில் கேட்டிருக்கிறார்கள். இப்போது கணினியில் எனக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. புதிய முகப்பு அதில் மட்டும்தான்.

அடுத்த சனிக்கிழமை மதியம் நான் அடுத்த அறையில் சும்மா படுத்திருந்தேன். அப்பா சிவப்பு வட்டத்தை அழுத்திப் பேசிக்கொண்டிருந்தார். "காரம் கொஞ்சம் கொறைக்கணும். இந்த ஊர்ப் புள்ளைங்க தாங்க மாட்டேங்குது." காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்டது.

"சத்தமா பேசுப்பா. யாரும் படிக்கல."

சதுரத்தை அழுத்தி நிறுத்திவிட்டு, "மைக்கு பக்கத்துலதான இருக்கு" என்றார். புதிய பதிவை மெல்ல இழுத்து, பெரிய அடுப்பின் பக்கத்தில் வைத்தார்.