பலூன் கடையருகே நின்ற மஞ்சள் சட்டைக்காரர்

ஹெட்ஃபோன் பஞ்சில் எப்போதும் முந்தைய ஷிஃப்ட்காரரின் தலை எண்ணெய் வாசம் அடிக்கும். அதை மாட்டினால் காதில் ராட்டினப் பாட்டு. ஒரே மெட்டு... காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஆறரை வரை.

சந்தோஷமான பாட்டுதான். ஒரு மாதம் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

அது என் முதல் வேலை. பெங்களூர் அடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் ஆபீஸ். தீம் பார்க் கட்டி நடத்துகிற கம்ப்யூட்டர் கேம் ஒன்றை டெஸ்ட் செய்ய வேண்டும். விளையாடுவது இல்லை, டெஸ்ட் செய்வது. ரோலர் கோஸ்டர் போடு, பாதை போடு, கக்கூஸ் கட்டு, அப்புறம் உள்ளே வரும் ஜனங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் அவர் நினைப்பு எழுத்தாக ஓடும். பசிக்கிறது. கால் வலிக்கிறது. வீட்டுக்குப் போக வேண்டும்.

குடியாத்தத்தில் அப்பா இதை வேறு மாதிரி புரிந்துகொண்டார். "எம் பொண்ணு பெங்களூர்ல பெரிய பார்க்க பாத்துக்கறா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எதிர்வீட்டு அக்கா போன் செய்து, "பசங்களுக்கு லீவு வுட்டாச்சு, ஃப்ரீயா உள்ள வுடுவியா கலா?" என்று கேட்டார். எத்தனை முறை விளக்கியும்... சரி, விடுங்கள்.

அந்த பார்க்கில்தான் மஞ்சள் சட்டைக்காரரைப் பார்த்தேன்.

பலூன் கடைப் பக்கத்தில் பாதையை உடைத்துவிட்டுத் திரும்பப் போட்டால், கூட்டத்தில் யாராவது ஒருவருக்கு வாசல் மறந்துவிடும். எப்போதும் அல்ல, எப்போதாவது. என் கம்ப்யூட்டரில் அதுவரை வந்த இரண்டு முறையும் மஞ்சள் சட்டை போட்ட ஓர் ஆள்தான் மாட்டினார். கடையைச் சுற்றிச் சுற்றி வருவார். தலைக்கு மேல் 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்று மட்டும் ஓடும். பார்க் மூடினாலும் நிற்பார். மவுஸால் அவரைத் தூக்கி வாசலில் விட்டுவிடலாம், ஆனால் டெஸ்ட் செய்கிறவர்கள் கை வைக்கக் கூடாது. கை வைத்தால் டெஸ்ட் கெட்டது.

ஒரு பிழை மூன்று முறை வந்தால்தான் ஆபீஸில் அதை ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொண்டால் புரோகிராமர்கள் சரிசெய்வார்கள், கண்டுபிடித்தவர் கூடவே உட்கார்ந்து மறுபடி டெஸ்ட் செய்ய வேண்டும். சனி, ஞாயிறு எல்லாம் போச்சு.

அந்த வாரம் சனிக்கிழமை அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். அதற்கு முன் மூன்று வெள்ளிக்கிழமைகள் "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தவள் நான்.

எங்கள் டீம் லீட் விமலா மேடம், அல்சூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். திட்டுவதைக் கன்னடத்தில் வைத்துக்கொள்வார். முந்தின நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா கலா, மூணாவது வாட்டி வந்துச்சா?"

வந்திருந்தது. பத்து நிமிடம் முன்னால்தான். காலடிச் சத்தம் கேட்டதும் அந்த விண்டோவைக் கீழே இறக்கிவிட்டிருந்தேன்.

"வரல மேடம்."

"நெஜமா?"

"நெஜமாத்தான் மேடம்."

"அப்ப க்ளோஸ் பண்ணிட்டுக் கெளம்பு. பஸ்ஸு போயிடப்போவுது. அப்பாக்கு ஒண்ணும் ஆவாது, சும்மா பேஜார் ஆவாத."

பிழை இல்லை என்று எழுதி க்ளோஸ் பண்ணினேன். சாந்திநகர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கடைசி சீட்டுதான் கிடைத்தது. வாணியம்பாடி வரும் வரைக்கும் காதுக்குள் அந்த ராட்டினப் பாட்டு நிற்கவே இல்லை.

ஆபரேஷன் முடிந்து கண்ணில் கட்டோடு படுத்திருந்த அப்பா, என் கையைத் தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்.

"கலாவா? லீவு குடுத்துட்டாங்களா?"

"குடுத்தாங்கப்பா."

"அப்ப பார்க்க யாரும்மா பாத்துப்பாங்க?"

சிரித்தேன். பிறகு ஆஸ்பத்திரி பாத்ரூமுக்குப் போய் அழுதேன். ஒரு மஞ்சள் சட்டைப் பொம்மைக்காக அழுகிற வயசா அது? ஆனாலும் அழுதேன்.

கேம் வெளியே வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. மேடம் அடுத்த வருடம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவரிடம் உண்மையைச் சொல்லவே இல்லை... சொல்லியிருந்தால் கன்னடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன், ஆனால் ஊருக்கும் அனுப்பியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

இப்போது நானும் லீட். வேறு கம்பெனி, வேறு சாஃப்ட்வேர். சாயங்காலம் மெட்ரோவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது சுற்றி எல்லார் முகத்தையும் பார்க்கிறேன். ஒருத்தருக்கும் பேசத் தெம்பு இல்லை, எனக்கும் இல்லை. அப்பா போய் நாலு வருடம் ஆகிறது. அம்மா ஞாயிறு தவறாமல், "எப்பம்மா வர?" என்று கேட்கிறார். "இந்த ரிலீஸ் முடியட்டும்மா" என்கிறேன். அன்று ஊருக்குப் போகப் பொய் சொன்னேன், இன்று போகாமல் இருக்கப் பொய் சொல்கிறேன். அலுப்பாக இருக்கிறது.

போன ஞாயிறு மதியம் அம்மாவிடம் அதையே சொல்லிவிட்டு போனை வைத்தேன். பக்கத்தில் என் மகள் டேப்லெட்டில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ராட்டினப் பாட்டு கேட்டது. அதே கேமைப் புதிதாகப் பாலிஷ் போட்டு விட்டிருக்கிறார்கள்.

"அம்மா, இந்த அங்கிள் வீட்டுக்குப் போணும் போணும்னு சொல்லிட்டே இருக்காரு. போவவே மாட்டேங்கறாரு."

எட்டிப் பார்த்தேன். பலூன் கடை. சட்டை மட்டும் இப்போது பச்சை.

"அவர வெரலால தூக்கி கேட்டுக்கு வெளிய விடு கண்ணு."

தூக்கினாள், விட்டாள். அவர் ஒரு நொடி நின்றுவிட்டு, விறுவிறுவென்று நடந்து ஸ்க்ரீனை விட்டே போய்விட்டார்.

"ஐ, போயிட்டாரு! இவ்ளோ ஈஸியா? அப்ப ஏம்மா யாருமே முன்னாடியே அவர அனுப்பி வெக்கல?"

"அன்னிக்கு அம்மாவுக்கு பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சுடா" என்றேன்.